எஸ்ராவின் பென்சில்

இந்த வருஷம் நான் சுட்டே தீருவேன் என்று சபதம் போட்டேன். சத்தமாகத்தான் போட்டேன். என் மனைவி லுவெல்லா காபிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எதை?"

"மானை. தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சதும் உங்க அண்ணன்மாரோட மலைக் குடிசைக்குப் போறேன். திங்கக்கிழமை சீசன் தொடங்குது."

"எதை வச்சுச் சுடுவே? வாயை வச்சா?"

"உங்க அப்பா துப்பாக்கியை வச்சு."

"அது வருஷக்கணக்கா நிலவறையில துண்டு துண்டாக் கெடக்கு. விசைக்கு மேல இருக்கிற குதிரை ஏறல, ஸ்பிரிங்கைக் காணோம். பிரிச்சுப் போட்ட மகராசன் யாரு?"

அந்த மகராசன் நான்தான்.

"சரி பண்ணிக் காட்டுறேன்!"

"பண்ணு, ஆர்வில். சரியாச்சுன்னா துப்பாக்கி குடிசைக்குப் போகும். ஆகலைன்னா எங்க அம்மாவுக்குத் துணைக்கு நீ இங்க இருப்பே."

என் மாமியார் தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்தால் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் தன் பெட்டியைத் தேடுவார். ஆகவே இது உயிர்ப் பிரச்சினை.

எங்கள் ஊரில் பழைய துப்பாக்கிகளுக்கு ஒரே வைத்தியர் எஸ்ரா ஸ்டௌஃபர். அவரும் செப்டம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சாமான்களை ஏலம் விட்டபோது அவருடைய தடிப் புத்தகத்தை நான் எடுத்தேன். தாத்தா காலத்து அமெரிக்கத் துப்பாக்கிகள் அத்தனையையும் பிரிக்கவும் மாட்டவும் வழி சொல்லும் புத்தகம். இடப்பக்கம் பொடி எழுத்து. வலப்பக்கம் படம். படத்தில் ஒவ்வொரு திருகும் தகடும் தனித்தனியாக அந்தரத்தில் பறக்கும். அதற்கு வெடித்த படம் என்று பெயர். வெடிப்பதைப் பற்றி எனக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. கல்யாணமாகி ரொம்ப நாளாகிறது.

ஓரங்களில் எஸ்ரா கட்டை கட்டையான எழுத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். "இந்தத் திருகு அடம் பிடிக்கும்." "சுத்தியல் வேண்டாம்." அவ்வளவுதான்.

நவம்பர் மூடுபனி மலையிலிருந்து இறங்கி வந்து நிலவறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பிற்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. மூலையில் கணப்படுப்பு யாரோ தூங்குவதுபோல் மூச்சு விட்டது. எஸ்ராவின் புகையிலை வாசனை வேறு. புத்தகத்திலிருந்துதான் வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள் ஒரு தகட்டை மாட்டினேன். உட்காரவில்லை. மேலே போய்க் காபி குடித்துவிட்டு வந்தால், படத்தின் ஓரத்தில் அதே கட்டை எழுத்து: "தகடு தலைகீழ், மடையா."

காலையில் அது அங்கே இல்லை. பைபிள் மேல் கை வைத்துச் சொல்வேன். பின்கழுத்து மயிர் எழுந்து நின்றது. தகட்டைத் திருப்பி வைத்தேன். 'க்ளக்' என்று உட்கார்ந்தது.

மறுநாள்: "ஸ்பிரிங் உன் பழைய கோட்டின் மடிப்பில்."

கோட்டு அடுப்புக்குப் பின்னால், தலையில்லாத ஆள் மாதிரி ஆணியில் தொங்கியது. மடிப்புக்குள் விரலை விட்டேன். அடுப்பு அவ்வளவு அருகில் எரிந்தும் உள்ளே ஐஸாகச் சில்லிட்டது. விரலில் ஸ்பிரிங்! படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன்.

"லுவெல்லா! எஸ்ரா கீழ இருக்காரு!"

"அவரு சர்ச்சுக்குப் பின்னாலதானே இருக்காரு? அடக்கத்துக்கு ஹாம் சாண்ட்விச் செஞ்சதே நான்."

"புத்தகத்துல எழுதுறாரு!"

"உன்னைத் திட்டி எழுதுறாரா?"

"ஆமா."

"அப்ப அவரேதான். விவரம் தெரிஞ்ச மனுஷன். சொன்னபடி கேளு."

கேட்டேன். "குதிரைக்கு எண்ணெய் இடு. மிச்சத்தைச் சமையலறைக் கதவின் கீலுக்கு இடு." இட்டேன். "மரக்கட்டைக்கு மெருகு பூசு. சாப்பாட்டு மேஜைக்கும் பூசு." பூசினேன். செத்தும் எதையும் வீணாக்காத மனிதர் என்று வியந்தேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய நாள் கடைசித் திருகையும் முடுக்கிவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது புத்தகத்தில் புது வரி: "முடிந்தது. இனி விலகி நில்." ஊதினேன். பென்சில் தூள் பறந்தது. காலித் துப்பாக்கியின் குதிரையைப் பின்னுக்கு இழுத்து விசையைத் தொட்டுப் பார்த்தேன். வருஷக்கணக்காக நொண்டிய குதிரை ஏறியது, இறங்கியது. பயத்திலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிறு பிற்பகல் மூட்டை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். லுவெல்லா துப்பாக்கியை உறையில் போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் வேட்டைக்காரர்கள் வழக்கப்படி அவள் கோட்டின் முதுகில் வேட்டை லைசென்ஸ் ஊக்கால் குத்தியிருந்தது.

"நீ எங்க போறே?"

"துப்பாக்கி குடிசைக்குப் போகும்னுதானே சொன்னேன்? நீ போவேன்னு சொன்னேனா? அப்பா எனக்குத்தான் சுடக் கத்துக் கொடுத்தாரு. உன்னால எத்தனை சீசன் வீட்டுலயே உக்காந்துட்டேன், தெரியுமா?"

மெல்ல விளங்கியது. "அப்ப... அந்தப் பென்சில்?"

"இடப்பக்கத்துல அச்சடிச்சிருக்கிறதைப் பாத்துதான் எழுதினேன். நீதான் படத்தை மட்டும் பாக்குற ஆளாச்சே!"

"மடையான்னுமா அச்சடிச்சிருக்கான்?"

"அது சொந்தச் சரக்கு. கீலும் மேஜையும்கூட."

"ஸ்பிரிங் கோட்டுல இருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் சிரிப்பு நின்றது.

"எந்தக் கோட்டு? அதை நான் எழுதலையே, ஆர்வில்."

வண்டி மூடுபனிக்குள் போய் மறைந்தது. அவள் விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நிலவறைப் பக்கம் அதற்குப் பிறகு நான் போகவில்லை.

அன்று வண்டி மறைந்த கையோடு எனக்குப் பின்னால் சமையலறைக் கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. தூக்கிவாரிப் போட்டது. திரும்பினேன். எஸ்ரா இல்லை. அதைவிடப் பெரிய சோதனை.

"மாப்பிள்ளை, ஆப்பிள் நறுக்கியாச்சு. வந்து மாவைப் பிசைங்க," என்றார் மாமியார்.

நான் போட்ட சபதத்திலிருந்து பின்வாங்கவில்லை. அன்றே சுட்டேன். ஆப்பிள் பை.