அடங்காத கூரை

லுணுகலை
14.11.1974

அன்பும் மரியாதையும் உள்ள பொத்துவில் மாமாவுக்கு மருமகள் ஹம்ஸியா சொல்லும் ஸலாம். இங்கே வாப்பாவும் நானும் சுகம். உம்மாவும் சுகம் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். மாமியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும்.

ஆட்களுக்கு முன்னால் நாலு வார்த்தை பேச எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வண்டிக் கூரை விஷயத்தில் வாப்பா ஒன்று எழுதுகிறார், நீங்கள் ஒன்று எழுதுகிறீர்கள், நடுவில் உங்கள் ராத்தா, என் உம்மா, மெலிந்துகொண்டே போகிறார். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

உம்மாவுக்கு ஆசை ஒன்றுதான். பிறந்த வீட்டுக்கு வந்து கடலைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் அவ்வளவு தூரம் இருக்க முடியாது, படுத்துத்தான் வரவேண்டும். படுத்தாலோ கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டும், எழுந்து நிமிர்ந்து உட்கார வேண்டும். அதற்காகத்தானே வாப்பா, சீமைக்குத் திரும்பிப் போன மடுல்சீமைத் தோட்டத்துத் துரையின் பழைய லேண்ட்ரோவரை வாங்கினார். பக்கத்து சீட்டுகளின் மேல் பலகை போட்டு மெத்தை விரித்தோம். படுக்க நல்ல வசதி. எழுந்தால் தலை தகரத்தில் இடிக்கிறது. கூரையை உயர்த்தியே ஆகவேண்டும் என்று வந்தது அப்படித்தான்.

சீட்டுக்கு அடியில் துரை விட்டுப்போன பத்திரிகை ஒன்று கிடந்தது. அதில் இரண்டு விதமான கூரை. ஒன்று, ஒரு பக்கம் கீல் வைத்து மறுபக்கம் பிளந்து திறப்பது. உம்மா அதற்கு முதலைவாய் என்று பெயர் வைத்தார். மற்றது நாலு காலில் நேராக மேலே எழும்புவது, அது பந்தல். வாப்பா முதலைவாய்க் கட்சி. நீங்கள் படத்தைப் பார்க்காமலே பந்தல் கட்சி. முதலைவாயை ஒரே ஆள் தூக்கலாம், துணியும் கொஞ்சம் போதும் என்பது உண்மைதான். ஆனால் தோட்டத்துக் கராஜ் இராசையா அண்ணன் கீலைப் பின்பக்கம் வைத்துவிட்டார், வாய் முன்பக்கம் திறந்தது, முதல் வளைவிலேயே காற்று வாய்க்குள் புகுந்து கூரையைப் பிடுங்கித் தேயிலைக்குள் எறிந்தது, கொழுந்தெடுத்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். "கவலப்படாதீங்க மொதலாளி, கீலு நம்மகிட்டதான் இருக்கு" என்றார் இராசையா அண்ணன்.

பிறகு உங்கள் பந்தல். எந்தப் பக்கம் தலை வைத்தாலும் உம்மா நிமிரலாம், அதில் நீங்கள் வென்றீர்கள். ஆனால் தூக்க நாலு பேர் வேண்டும், நாலு காலில் ஒரு கால் எப்போதும் கோபித்துக்கொள்ளும். சுற்றிக் கட்டக் கான்வஸ் எங்கும் கிடைக்கவில்லை. கடையில் இருந்த வெள்ளைத் துணியை இரண்டு மடிப்பாக நான்தான் தைத்தேன், பார்க்க ஒரு ஜன்னலும் வைத்தேன். உம்மா விரலால் தடவிப் பார்த்து, "இது மையத்துக்குச் சுத்துற துணியெல்லோ மகள்?" என்றார். வாப்பா சுத்தியலை எடுத்துக்கொண்டு கோபித்த காலைத் தட்டப் போனார்.

பொத்துவிலுக்கு முன் ஒரு பரீட்சையாக இருக்கட்டும் என்று நேற்று இராசையா அண்ணனையும் ஏற்றிக்கொண்டு பதுளை டாக்டரிடம் புறப்பட்டோம். வழியில் உம்மாவுக்கு மூச்சு முட்டியது. ரோட்டில் போன தோட்டத்து ஆட்கள் கைகொடுக்க, கூரை எழும்பியது. உம்மா நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டார். அதற்குப் பிறகு கூரை இறங்கவில்லை.

அப்படியே ஊர்ந்து பசறைக் கடைத்தெருவுக்குள் போனோம். வெள்ளைத் துணி சுற்றிய வண்டியைப் பார்த்த சனம், யாருடைய மையத்தோ அடக்கத்துக்குப் போகிறது என்று நினைத்துவிட்டது. கடைகள் ஒவ்வொன்றாகப் பாதிக் கதவைச் சாத்தின. ஆண்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார்கள். வாப்பாவோ, கூரையைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று சந்தோஷமாகக் கை காட்டினார். தேத்தண்ணிக்கடை இப்றாஹீம் நானா ஓடிவந்து வாப்பா பக்கக் கதவைப் பிடித்தார்.

"எப்ப நடந்த, அஸீஸ் நானா?"

"இப்பதான், மேல் வளைவுல. நாலு பேர் தூக்கினாங்க."

"யா அல்லாஹ்! எங்க அடக்கம்?"

"அடங்கினாத்தானே! நானும் அமத்திப் பாத்தேன், இராசையாவ மேல ஏறி மிதிக்கவும் விட்டேன். அடங்குதே இல்ல!"

இப்றாஹீம் நானா இரண்டடி பின்னால் போனார். உள்ளே உம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "தலய நீட்டிச் சொல்லுகா மகள், நான் மவுத்தாகல்ல எண்டு" என்றார். அத்தனை ஆண்களுக்கு முன்னால் நான் எப்படி நீட்டுவது? முக்காட்டை இழுத்துக்கொண்டு குனிந்திருந்தேன். கடைசியில் உம்மாவே துணி ஜன்னலைத் தூக்கி, "தம்பி, தேத்தண்ணி இருந்தா ஒண்டு தாங்க" என்றார். கடைத்தெருவே சிரித்தது. உம்மா சிரித்துச் சிரித்து இருமினார். முதுகைத் தடவினேன், கையில் எலும்புதான் பட்டது.

டாக்டர் வாப்பாவை வெளியே கூப்பிட்டு, போவதென்றால் கெதியாகப் போங்கள் என்றாராம். ஆகவே மாமா, இனி வாதம் வேண்டாம். பந்தலை இறக்க, உங்கள் ஊர்த் தோணிக்காரர்கள் பாயை இறக்கும் கயிற்று முறை சரிவருமா என்று கேட்டு உடனே எழுதுங்கள். "எந்தக் கூரை எண்டாலும் கடல் தெரிஞ்சாப் போதும்" என்கிறார் உம்மா.

உங்கள் எல்லோருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், நிமிர்ந்து உட்கார இடத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
மருமகள் ஹம்ஸியா

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் உம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டி வந்தது. தந்தி கிடைத்திருக்கும். பிபிலையில் வெள்ளம், பஸ் இல்லை என்று நீங்கள் அடித்த தந்தியும் கிடைத்தது. கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தேன், வாப்பா விடவில்லை. "அவ சிரிச்சது இதுலதானே ஈக்குது, அப்படியே அனுப்பு" என்றார். தோணிக்காரர்களிடம் கேட்க வேண்டாம். இராசையா அண்ணன் நாலு காலையும் அறுத்துக் கூரையை இறக்கிவிட்டார். திரும்பி வரும்போது உம்மா படுத்தே வந்தார், ஒரு தடவையும் எழும்பவில்லை. பசறையில் ஒரு கடையும் சாத்தவில்லை. இப்றாஹீம் நானா வாசலில் நின்று சிரித்துக்கொண்டு, "என்ன அஸீஸ் நானா, கடைசியில அடங்கிட்டா?" என்று கேட்டார். "ஓ, அடங்கிட்டு" என்றார் வாப்பா. இப்றாஹீம் நானா அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். நான் கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினேன்.