அடுத்த வருஷத்துக் கப்பல்

காலண்டர் அச்சகத்தில் வேலை பார்ப்பவனுக்கு நடப்பு ஆண்டு என்று ஒன்று கிடையாது. ஊரே ஒரு வருஷத்தில் வாழும். அவன் மட்டும் அதற்கு அடுத்த வருஷத்தில் குடியிருப்பான். சிவகாசியில் தினசரிக் காலண்டருக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தேன். தை பிறந்ததும் அடுத்த ஆண்டுத் தாள்கள் என் மேஜைக்கு வந்துவிடும். ஆடிப்பெருக்குக்குள் எல்லாம் முடிந்து, வியாபாரிகள் பார்த்து ஆர்டர் கொடுக்கும் மாதிரிப் புத்தகம் தயாராக வேண்டும். ஆகவே ஒவ்வொரு தீபாவளியும் எனக்கு இரண்டு முறை வரும். முதலில் தாளில், பிறகு வீட்டில். வீட்டில் வரும்போது அது எனக்குப் பழைய தீபாவளியாக இருக்கும்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதைவிட்டால் வேறு சாக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு நாள்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. தேதி, கிழமை, வந்தவர் போனவர், படித்து முடித்த புத்தகம், பெய்த மழை. (நாங்கள் குடியிருக்கும் விருதுநகரில் கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.) எதிர்வீட்டுப் பசு என்றைக்குக் கன்று போட்டது என்று பசுவின் சொந்தக்காரரே என்னிடம் வந்துதான் கேட்பார். இதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். என் மனைவி சண்முகத்தாயிடம் கேட்டால் வேறு அளவு சொல்வாள்.

2007 பொங்கல் அன்று என் மாமனார் சுடலைமுத்து, கரும்பைக் கடித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கியவர். மாமியார் போனபின் எங்களோடு இருந்தார். தொலைக்காட்சியில் ஏதோ ஒரு கப்பலைக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு, "ஏத்துனது பூராம் நான். போனது பூராம் எவனோ" என்றார்.

சண்முகத்தாய் என்னைப் பார்த்தாள். நான் பொங்கலைப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"ஏங்க, அப்பாவை ஒரு தடவை கப்பல்ல கூட்டிட்டுப் போவமா?"

மாமனாருக்கு இதயம் வீங்கியிருந்தது. மாதம் ஒருமுறை வைத்தியம். டாக்டரிடம் கேட்டோம். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, "தாராளமாப் போயிட்டு வாங்க. ஆனா போறதுன்னா இந்த வருஷமே போயிருங்க. அடுத்த வருஷம்னு தள்ளிப் போடாதீங்க" என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே நாள்குறிப்பில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு இன்றும் இருக்கிறது, என்னைப் பார்த்துச் சிரித்தபடி.

விருதுநகர் பேருந்து நிலையத்துக்கு அருகே காதர் பாய் டிராவல்ஸ் வைத்திருந்தார். வளைகுடாவுக்கு விமான டிக்கெட், உம்ராவுக்கு ஆள் அனுப்புவது, வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் வேன், எல்லாம் ஒரே மேஜையில். நான் போய்க் கேட்டதும் இழுப்பறையிலிருந்து வழவழப்பான ஒரு புத்தகத்தை எடுத்தார். கொச்சியில் கிளம்பி மூன்று இரவு கடலில் சுற்றித் திரும்பும் கப்பல். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமைதோறும்.

"நான் போட்டுத் தாறேன் அண்ணாச்சி. பெரியவருக்குப் படி ஏறாத மாதிரி அறை பாத்துருவோம். எம்புட்டு நேரம் ஆயிரும்? ஒரு நாள் குடுங்க" என்றார். டீயும் வந்தது.

குடித்தேன். புத்தகத்தையும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குள் இருந்த படித்தவன் விழித்துக்கொண்டான். உலகத்துப் பயணநூல்களை எல்லாம் படித்திருக்கிறோம். ஒரு விண்ணப்பத்தை நிரப்ப நடுவில் ஓர் ஆள் எதற்கு? அவர் கொடுத்த புத்தகத்தின் பின்னட்டையில் கம்பெனியின் ஃபாக்ஸ் எண் இருந்தது. விண்ணப்பமும் அதிலேயே இருந்தது. அவர் டீயைக் குடித்துவிட்டு, அவர் புத்தகத்தைக் கிழித்து, அவரைத் தாண்டிப் போனேன். (இந்த வரியை எழுதும்போது இன்றும் காது சுடுகிறது.)

மறுநாள் அச்சகத்தில் மதிய இடைவேளையில் விண்ணப்பத்தை நிரப்பினேன். எதிரே மார்ச் மாதத் தாள்கள் கட்டாகக் கிடந்தன. எந்த வெள்ளி வசதி என்று தாளைப் புரட்டினேன். பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை. நல்லது. அழகான கையெழுத்தில் எழுதினேன்: 14-3-2008. அந்தத் தாளில் இருந்ததும் அதுதான். அன்று காலையிலிருந்து நூறு தடவை பார்த்த வருஷம். என் கைக்கு வேறு வருஷமே தெரியாது.

ஃபாக்ஸில் அனுப்பி, பணத்தையும் கட்டினேன். பத்து நாளில் டிக்கெட் தபாலில் வந்தது. மெய்ப்புப் பார்ப்பவன் சும்மா இருப்பானா? சிவப்புப் பேனாவை எடுத்தேன். சண்முகத்தாய் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. என் மாமனாருக்கு முன்னால் 'திருமதி' போட்டிருந்தார்கள். "தங்களைப் போன்ற நிறுவனம் இத்தகைய பிழைகளை அனுமதிக்கலாகாது" என்று ஒன்றரைப் பக்கத்துக்குக் கடிதம் எழுதித் திருப்பி அனுப்பினேன். வருத்தம் தெரிவித்துத் திருத்திய டிக்கெட்டை அனுப்பினார்கள். அதையும் வரிவரியாகப் பார்த்து, ஓரத்தில் சரி என்று சுழித்துக் கையெழுத்தும் போட்டேன். ஒரே டிக்கெட்டை இரண்டு முறை மெய்ப்புப் பார்த்து, அதிலிருந்த ஒரே பெரிய பிழையை இரண்டு முறையும் தப்பவிட்டவன் சிவகாசி வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அது அவர்கள் செய்த பிழையும் அல்ல.

பிப்ரவரிக் கடைசியில் காதர் பாய் பஸ் நிலையத்தில் எதிரே வந்தார். ஒளிய இடமில்லை.

"என்ன அண்ணாச்சி, ஆளையே காணோம்? கப்பல் என்னாச்சு?"

"நானே போட்டுட்டேன் பாய். நேராவே."

அவர் முகம் சுருங்கவில்லை. "ரொம்ப நல்லதாப் போச்சு. என்னைக்குக் கிளம்புறீக?"

"மார்ச் பதினாலு. புதன்கிழமை."

வீட்டுச் சுவரிலும் நாள்குறிப்பிலும் அந்த ஆண்டு மார்ச் பதினாலு புதன்தான். அதில் தவறில்லை. அச்சகத் தாளில் வெள்ளி பார்த்து எழுதியதுதான் எனக்கு மறந்தே போயிருந்தது.

"புதனா? அது வெள்ளிக்கிழமைக் கப்பலுல்ல? டிக்கெட்டை ஒருக்காக் காட்டுங்களேன்."

"எனக்கே கிழமை சொல்றீகளா பாய்? சீசனுக்குக் கூடுதலா விட்டிருப்பான். அச்சடிச்ச டிக்கெட். நான் ப்ரூஃப் பார்த்தாச்சு" என்றேன். பை என் தோளில்தான் தொங்கியது. டிக்கெட் பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம் ஆகாது.

புதன்கிழமை காலை எட்டரைக்குக் கொச்சி போய்ச் சேர்ந்தோம். மாமனார் புது வேட்டி, புதுச் செருப்பு. சண்முகத்தாய் கையில் சாத்தூர்க் காராச்சேவு இரண்டு கிலோ. தெருவே கூடி வழியனுப்பியிருந்தது. பசுவின் சொந்தக்காரர் மாலை போட வந்தார். நான்தான் அடக்கமாக மறுத்தேன்.

துறைமுக வாசலில் இறங்கியதும் மாமனார் கம்பி வேலிக்கு அப்பால் பார்த்தார். இடமிருந்து வலம், பிறகு வலமிருந்து இடம்.

"மாப்ள, அங்கன ஒண்ணும் நிக்கலியே."

"அதோ நிக்குதே மாமா, மூணு கப்பல்."

"அது சிமெண்டு. அது எண்ணெய். அந்தா நிக்கிறது ரிப்பேரு. ஆள் ஏத்துற கப்பல் எதுவும் இல்ல."

"வரும் மாமா. மத்தியானம்தானே."

"மத்தியானம் கிளம்புற கப்பல் விடியக்காலையே கட்டியிருக்கும் மாப்ள. நான் பாக்காததா?"

நான் கடலைப் பற்றிப் படித்த புத்தகங்களை நினைத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நடந்தேன். மேஜையில் இருந்த பெண் டிக்கெட்டை வாங்கினார். திருப்பினார். நல்ல தமிழ் பேசினார்.

"சார், இது 2008."

"ஆமா" என்றேன். "2008தான்."

அவர் என்னையே பார்த்தார். நான் அவரையே பார்த்தேன். இதில் என்ன சந்தேகம் என்று எனக்குப் புரியவில்லை. காலையும் மாலையும் அந்த வருஷத்தில்தானே இருக்கிறேன்?

"சார், இப்போ 2007."

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். தலைக்கு மேல் அவர்களுடைய காலண்டர் தொங்கியது. 2007. சிவகாசியில் அச்சடித்தது. அதன் தாள்களுக்கும் போன வருஷம் நான்தான் மெய்ப்புப் பார்த்திருந்தேன். பிழையே இல்லை.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க சார். டிக்கெட் செல்லும். அடுத்த மார்ச் வந்துடுங்க" என்றார் அந்தப் பெண், அன்பாக.

மாமனார் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், பத்திரமாக வைக்கப் போகிறவர் போல. "அடுத்த மார்ச்சா? அப்ப நீங்கதான் மாப்ள என்னையத் தூக்கிட்டு வரணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சண்முகத்தாய் சிரிக்கவில்லை. சேவுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது.

என் தலைக்கனம் மொத்தமாக இறங்கியது அப்போதுதான். வெளியே டெலிபோன் பூத்துக்குப் போனேன். நாள்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் காதர் பாயின் எண் இருந்தது. சுழற்றிவிட்டு, அவர் என்னவெல்லாம் சொல்லப் போகிறார் என்று வரிசையாக எண்ணிப் பார்த்துக்கொண்டேன். எல்லாமே நியாயமாக இருந்தது.

நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, காலையில சாப்பிட்டீகளா?"

"இல்ல பாய்."

"பெரியவரு?"

"இல்ல."

"முதல்ல அவருக்கு ரெண்டு இட்லி வாங்கிக் குடுங்க, மாத்திரை போடணும்ல. அப்புறம் டிக்கெட்டை எடுத்து வாசிங்க. மேலருந்து. ஒண்ணுவிடாம."

வாசித்தேன், ஒரு மாணவனைப் போல. அவர் எழுதிக்கொண்டார். கொச்சியில் அவருக்குத் தொழில் பழக்கம் உள்ள ஒருவர் இருந்தார். "வெள்ளிக்கிழமைக் கப்பலுக்கு மாத்திக் கேப்போம். அங்கனயே இருங்க. எங்கயும் போயிராதீக" என்றார். நான் எதிர்பார்த்த அந்த ஒரு வாக்கியம், 'அன்னைக்கே சொன்னேன்ல' என்பது, வரவே இல்லை. வைக்கும் முன் நானே கேட்டுவிட்டேன்: "பாய், ஏதாவது திட்டுங்களேன்."

"திட்டலாம் அண்ணாச்சி. பெரியவரு முதல்ல கப்பல் ஏறட்டும்."

அன்று மாலை நாலு மணிக்குள் டிக்கெட் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமைக் கப்பலில் யாரோ வரவில்லையாம். ஜன்னல் இல்லாத ஓர் அறை, மூன்று பேருக்கு. நடுவில் இரண்டு நாள் ஒரு லாட்ஜில் கிடந்தோம். சண்முகத்தாய் என்னிடம் நேராகப் பேசவில்லை. எல்லாம் அப்பா வழியாகத்தான்.

"அப்பா, உங்க மாப்பிள்ளைகிட்ட இன்னைக்கு என்ன கிழமைன்னு கேளுங்க."

"வியாழன்கிறாரும்மா."

"எந்த வருஷத்து வியாழன்னு கேளுங்க."

வெள்ளிக்கிழமை காலை விடியும்போதே கப்பல் வந்து கட்டியிருந்தது, மாமனார் சொன்னபடி. ஏறும் படிப்பாலத்தில் சீருடைக்காரர் ஒருவர் எங்கள் பெட்டியை வாங்கக் கை நீட்டினார். மாமனார் கொடுக்கவில்லை. பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, விறுவிறுவென்று ஏறிவிட்டார். நாங்கள் பதறிப்போய்ப் பின்னால் ஓடினோம். மேலே மூச்சு வாங்க நின்றவர், "கையை வீசிக்கிட்டுக் கப்பல் ஏறிப் பழக்கமில்ல மாப்ள" என்றார். பிறகு பெட்டியைக் கீழே வைத்தார். வெறும் கையோடு நின்று, கிழக்கே சிமெண்டுக் கப்பலில் மூட்டை தூக்குகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவனுவ இப்ப நம்மளப் பாப்பானுவல்ல?"

"பார்ப்பாங்க மாமா."

மூன்று நாளும் அவர் அறைக்குள் தங்கவில்லை. மேல்தளத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் கப்பல் லேசாக ஆடியபோது, சரக்கை இடப்பக்கம் அதிகமாக ஏற்றியிருக்கிறார்கள் என்று ஓர் அதிகாரியிடம் தமிழில் விளக்கினார். அந்த வெளிநாட்டுக்காரர் கடைசிவரை கேட்டுவிட்டு சல்யூட் அடித்தார். அந்த சல்யூட்டை மாமனார் ஊருக்கு வந்தபின் எத்தனை பேரிடம் சொன்னார் என்று நாள்குறிப்பில் குறித்து வந்தேன். நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

அந்த ஆண்டு கார்த்திகையில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

மறு ஆண்டு மார்ச் பதினாலு, வெள்ளிக்கிழமை. காலையில் தாளைக் கிழித்தேன். என் சிவப்புப் பேனா தொட்ட தாள். முதல் டிக்கெட்டில் இருந்த நாள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகு சாத்தூருக்கு பஸ் ஏறி ஒரு கிலோ காராச்சேவு வாங்கி, நேரே காதர் பாய் கடைக்குப் போனேன். பொட்டலத்தை மேஜையில் வைத்தேன். அவருக்கு நாள் நினைவிருந்தது. "பெரியவரு கப்பல் ஏறிட்டாருல்ல அண்ணாச்சி. அது போதும்" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு மார்ச் பதினாலும் அந்தப் பொட்டலம் போகிறது. எங்கள் வீட்டில் இப்போதும் யாராவது தேதி சொன்னால், பேரன் பேத்தி உட்பட, ஒரே குரலில் "எந்த வருஷம்?" என்றுதான் கேட்பார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முகூர்த்தம் குறித்தபோது சம்பந்தி வீட்டார் முன்னாலேயே சண்முகத்தாய் அதைக் கேட்டாள். நான் தலையைக் குனிந்து வருஷத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

காதர் பாய் மட்டும், அன்று போனில் திட்டாமல் விட்டதற்கு வட்டியோடு, ஆண்டுக்கு ஒருமுறை வசூலிக்கிறார். பொட்டலத்தைப் பிரிப்பார். ஒரு சேவை எடுத்து மூக்கருகே கொண்டுபோவார். பிறகு கடையில் உள்ளவர்கள் எல்லாரும் கேட்கும்படிச் சொல்வார்:

"மொறுமொறுன்னு இருக்கு அண்ணாச்சி. அடுத்த வருஷத்துச் சேவா?"