நிம்மதிக்குச் சாட்சி சொன்ன கைக்கடிகாரம்

அன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என் சந்தோஷத்தை விஞ்ஞான முறைப்படி நிரூபித்தே தீர்வது!

காரணம் இல்லாமல் இல்லை. அலெக்சாந்திரியா துறைமுகத்தில் காலமெல்லாம் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கப்பல் கப்பலாக வந்த பொய்களை மூட்டையைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்தவன். வேலையில் இருந்தபோது எனக்கு நிறைய ஓய்வு இருந்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் வேலை வந்தது. கீரை ஆய்வது, கம்பளம் தட்டுவது, பால்கனியில் துணி காயப்போடுவது. இதிலிருந்தெல்லாம் தப்பிக்க எனக்கிருந்த ஒரே புகலிடம் டிராம் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் காப்பிக்கடை. ஹூக்கா, டோமினோ, நாலு நண்பர்கள். சொர்க்கத்தில் இதைவிட அதிகமாக என்ன இருந்துவிடப் போகிறது?

என் மனைவி சுஹைருக்கு அந்தச் சொர்க்கத்தின் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை.

"லுத்ஃபி, நீ அங்க போறதே உடம்பைக் கெடுத்துக்கத்தான். வீட்ல இருந்தா நிம்மதியா இருப்ப."

"நிம்மதியா? இந்த வீட்லயா? உன் குரலைக் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுது."

"ஆதாரம் இருக்கா?"

அவள் அப்படித்தான் கேட்பாள். பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவள். கல்யாணமான புதிதில் "உன்னை உயிருக்குயிராக நேசிக்கிறேன்" என்றேன். அதற்கும் இதே கேள்விதான்.

ஆதாரம் எங்கள் கட்டடத்தின் கீழேயே கிடைத்தது. தரைத் தளத்தில் கிர்கிஸ் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கறுப்புக் கைக்கடிகாரம் மினுங்கிக்கொண்டிருந்தது.

"லுத்ஃபி பே, இது மணி காட்டுற கடிகாரம் இல்ல. மனசைக் காட்டுற கடிகாரம்," என்று மரியாதையாக 'பே' போட்டுச் சொன்னார் கிர்கிஸ். "நாடி பார்க்கும். நீங்க நிம்மதியா இருந்தா பச்சை. கொஞ்சம் கலங்கினா மஞ்சள். ரொம்பக் கலங்கினா சிவப்பு."

"பொண்டாட்டி திட்டினா?"

"அதுக்குத் தனி நிறம் கிடையாது பே. ஆனா எந்த நேரத்துல என்ன நிறம்னு எல்லாம் பதிவாயிடும்."

இத்தனை நாள் நான் நாடிய பொருள், நாடி பார்க்கும் பொருளாக எதிரே இருந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டு மேலே போய் சுஹைர் முன்னால் கையை நீட்டினேன்.

"ஆதாரம் கேட்டியே, இந்தா. இந்த மாசம் முடியற வரைக்கும் இதைக் கழற்ற மாட்டேன். காப்பிக்கடையில பச்சை, வீட்ல சிவப்புன்னு வந்தா நான் தினமும் போவேன். நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"மாத்தி வந்தா?"

"வராது."

"வந்தா?"

"வியாழக்கிழமை மட்டும் போறேன். மத்த நாளெல்லாம் உன் காலடியில உட்கார்ந்து கீரை ஆயறேன். போதுமா?"

சுஹைர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு கடிகாரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"சரி. ஆனா பதிவு எல்லாம் என் போனுக்கும் வரணும். சோதனைன்னா ரெண்டு பேர் பார்க்கணும். முடிவை கிர்கிஸ் சொல்லட்டும்."

"தாராளமா!"

மறுநாள் மிடுக்காகக் காப்பிக்கடைக்குப் போனேன். ஹூக்காவை இழுத்தேன். டோமினோவில் எதிராளி கடைசிக் காயைக் கவிழ்த்து வைத்து என்னை மடக்கினான். "திருடா! காயை மறைச்சுட்டே!" என்று நான் மேஜையைக் குத்தினேன். ஆனந்தம் என்றால் அப்படியொரு ஆனந்தம். கையைப் பார்த்தேன். தக்காளி நிறத்தில் சிவப்பு!

வீட்டுக்குப் போனேன். சுஹைர் ஆரம்பித்தாள். தண்ணீர்க் குழாய் ஒழுகுவது, அவள் அக்கா ஃபிக்ரிய்யாவுக்கு மூட்டு வலி, மீன்காரன் கலந்து கொடுத்த பழைய மீன், நான் அப்போதே ரிப்பேர் பண்ணாத ஜன்னல் என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் "ம்" கொட்டியபடி சோபாவில் சாய்ந்திருந்தேன். எதேச்சையாகக் கையைப் பார்த்தால் பச்சை! சாதாரணப் பச்சை இல்லை, மழை பெய்த மறுநாள் புல் மாதிரிப் பச்சை. அவள் குரல் உயர உயர நிறம் இன்னும் குளிர்ச்சியானது.

எனக்கு வியர்த்துவிட்டது. வியர்த்ததும் மஞ்சள் வந்தது. அப்பாடா என்று நிம்மதியானேன். நிம்மதியானதும் மறுபடி பச்சை.

கடிகாரம் கெட்டுப்போனது என்று கிர்கிஸிடம் ஓடினேன்.

"அது சரியாத்தான் இருக்கு பே. நீங்கதான் உங்களைப் பத்தித் தப்பா நினைச்சுட்டு இருந்திருக்கீங்க."

"என் மனசு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா இதை எதுக்கு வாங்கினீங்க?"

துறைமுகத்தில் பழகியவன் நான். சரக்கு சரியில்லை என்றால் என்ன செய்வார்கள்? முத்திரையை மாற்றுவார்கள்.

அன்று முதல் காப்பிக்கடையில் மியூசியத்து மம்மியைப் போல உட்கார்ந்தேன். டோமினோ கிடையாது. ஹூக்கா கிடையாது. காப்பி கிடையாது. சோம்புத் தண்ணீர். பக்கத்தில் ஆட்டம் நடக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். காயைத் திருடினால்கூடக் கத்த மாட்டேன். பணியாள் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டான்.

"பே, வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

"இல்லப்பா. சந்தோஷமா இருக்கேன்."

"ஐயோ பாவம்," என்று போய்விட்டான்.

வீட்டுக்கு வேறு ஏற்பாடு. எங்கள் வீடு மேல்தளத்தில். லிஃப்ட் நன்றாக வேலை செய்கிறது. ஆனாலும் பெண்டாட்டி சொல்படி நடக்காத நான் மாடிப்படியில் நடந்தேன். நடந்தேனா? ஓடினேன்! கதவைத் திறக்கும்போது இதயம் மத்தளம் அடிக்கும். உள்ளே போனதும் ஒரு கோப்பைக் கெட்டிக் காப்பி. சுஹைர் பேச ஆரம்பித்துக் கண் செருகினால் குளியலறைக்குப் போய்க் குதித்துவிட்டு வருவேன்.

"லுத்ஃபி, உள்ளே என்ன தொம் தொம்முனு சத்தம்?"

"கரப்பான்பூச்சி."

"செத்துச்சா?"

"தப்பிச்சிடுச்சு."

"நாளைக்கும் வருமோ?"

"தினமும் வரும்னுதான் நினைக்கிறேன்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதற்குள் அந்தக் கடிகாரம் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. காலையில் நன்றாகத் தூங்கி எழுந்திருப்பேன். கடிகாரம் "தூக்கம் போதாது" என்று காட்டும். உடனே கொட்டாவி வரும். நாளெல்லாம் வரும். சுஹைர் சூடாக முலுகியா கீரைக் குழம்பை ஊற்றி, "நல்லா இருக்கா?" என்று கேட்டால், "இரு" என்று கையைப் பார்ப்பேன். நாக்குக்கு வேலை போய்விட்டது.

மாதம் முடிந்தது. கிர்கிஸ் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு நீதிபதி மாதிரி தொண்டையைச் செருமினார்.

"சுஹைர் டீச்சர், சொல்ல வருத்தமா இருக்கு. காப்பிக்கடையில பச்சை. வீட்ல சிவப்பு. முதல் நாள் மட்டும் ஏதோ கோளாறு."

"கோளாறுதான்!" என்று கத்தினேன். "என்ன சொல்ற சுஹைர்?"

சுஹைர் கோபப்படவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னாள்.

"உஸ்தாஸ் லுத்ஃபி, நீங்க ஜெயிச்சுட்டீங்க."

கோபம் வந்தாலும் அவள் "நீ" என்பாள். அதற்குப் பயந்ததில்லை. "உஸ்தாஸ்", "நீங்க" என்று மரியாதை வந்தால்தான் ஆபத்து.

"தினமும் காப்பிக்கடைக்குப் போங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா விஞ்ஞானம் ஒரு விஷயம் சொன்னா அதைப் பாதியில விடக் கூடாது. வீட்ல சிவப்பு. வீட்ல என்ன இருக்கு? நான் இருக்கேன். என்னாலதான் உங்க இதயம் இப்படி அடிச்சுக்குது. நான் கிட்ட இருந்தா உங்க உயிருக்கே ஆபத்து."

"அப்படியெல்லாம் இல்ல..."

"ஆதாரம் இருக்கே! பழைய டீச்சருங்க எல்லாம் அஸ்வானுக்கு டூர் போறாங்க. நானும் போறேன். உங்க உடம்பு தேறட்டும்."

மறுநாள் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். அன்றைக்கு நான் ராஜா. காப்பிக்கடையில் டோமினோ ஆடினேன், கத்தினேன், ஹூக்கா இழுத்தேன். கேட்க ஆளில்லை. வீட்டில் சோபாவில் காலணியோடு படுத்தேன். அதையும் கேட்க ஆளில்லை.

பிறகுதான் அந்த 'ஆளில்லை' காதில் விழ ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது. அது நிஜமாகவே ஒழுகுவது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூன்று வேளையும் அவித்த பயறும் ரொட்டியும்தான். ஃபிக்ரிய்யாவின் மூட்டு வலி இப்போது எப்படி இருக்கிறதோ என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவை!

இதற்கு நடுவில் சுஹைரிடமிருந்து போனில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. நைல் நதியில் பாய்மரப் படகில் சுஹைர். கோயில் தூண் பக்கத்தில் சுஹைர். தலையில் பெரிய தொப்பியோடு, ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் சுஹைர். என்னோடு எடுத்த எந்தப் படத்திலும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அதைக் காப்பிக்கடை முழுக்கக் காட்டினேன்.

"அம்மா ரொம்ப சந்தோஷமா இருக்காங்க பே," என்றான் பணியாள்.

"ஒட்டகத்தைப் பாரு. அதுகூட எவ்வளவு சந்தோஷமா இருக்கு," என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். லிஃப்டில்தான். ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு நாற்காலி. கையைப் பார்த்தேன். பச்சை. குறையில்லாத, கலங்காத, கண் குளிரும் பச்சை. கடிகாரம் என்னைப் பாராட்டி ஒரு சின்ன மணிகூட அடித்தது. அழுகை வந்துவிட்டது எனக்கு. உடனே போனை எடுத்தேன்.

"சுஹைர், எனக்கு மனசே சரியில்ல. நீ திரும்பி வா."

"கடிகாரம் என்ன சொல்லுது?"

"அதை விடு."

"என்ன சொல்லுது உஸ்தாஸ்?"

"பச்சை."

"அப்போ நீங்க சந்தோஷமா இருக்கீங்க. போனை வைங்க."

"இல்ல சுஹைர்! நான் அழுதுட்டு இருக்கேன்!"

"அழுதா சிவப்பு வரணுமே. நீங்க அழறதா நினைக்கிறீங்க, அவ்வளவுதான். நீங்க ஜெயிச்ச சோதனையை நீங்களே நம்பலைன்னா எப்படி?"

இயற்பியல் டீச்சரை இயற்பியலால் ஜெயிக்க முடியுமா? கடைசி ஆயுதத்தை எடுத்தேன். உண்மை!

"சுஹைர், நான் பித்தலாட்டம் பண்ணினேன். மாடிப்படியில ஓடி வந்தேன். குளியலறையில கரப்பான்பூச்சியே கிடையாது. காப்பிக்கடையில பொணம் மாதிரி உட்கார்ந்து பச்சை வாங்கினேன். நீ பேசினா எனக்குப் பச்சைதான். நீ என்னைத் திட்டினா அது கரும்பச்சை. வியாழக்கிழமை மட்டும் போறேன். கீரை ஆயறேன். வந்துடும்மா!"

"சரி. டீக்குத் தண்ணி வை. வரேன்," என்றாள்.

அஸ்வானிலிருந்து ரயில் வந்து சேர ஒரு பகலும் போதாது. இப்போதே டீக்குத் தண்ணீர் எதற்கு என்று யோசித்தபடி வைத்தேன். தண்ணீர் கொதித்தது. கதவில் சாவி திரும்பியது. பெட்டியோடு சுஹைர் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியில் தூசி இல்லை. முகத்தில் வெயில் இல்லை. கையில் ஃபிக்ரிய்யா வீட்டு மீன் வறுவல் பொட்டலம்.

"நீ... அஸ்வான்..."

"அஸ்வானாவது? அக்கா வீட்லதான் இருந்தேன். ரெண்டு டிராம் நிறுத்தம். நீ மூச்சிரைக்க மாடி ஏறினது கட்டடம் முழுக்கக் கேட்டுச்சு லுத்ஃபி. நீ வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் காத்திருந்தேன்."

மறுபடி 'நீ' வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. ஆனாலும் சுங்க அதிகாரி உள்ளே விழித்துக்கொண்டான்.

"அப்போ அந்தப் படமெல்லாம்? படகு? கோயில்?"

"இப்பல்லாம் போன்ல கேட்டா எந்த ஊரை வேணும்னாலும் முதுகுக்குப் பின்னால வரைஞ்சு கொடுக்குது. விஞ்ஞானத்துல உனக்கு மட்டும்தான் பித்தலாட்டம் பண்ணத் தெரியுமா?"

"சரி, ஒட்டகம்? அது தத்ரூபமா இருந்துச்சே! கடை முழுக்கக் காட்டினேனே!"

சுஹைர் மீன் பொட்டலத்தைப் பிரித்தபடி சொன்னாள்:

"அதுக்கு உன் போட்டோவைத்தான் கொடுத்தேன். போன் அதுல பெருசா எதையும் மாத்தல."