மூன்று நட்சத்திரம் பெற்ற பாத்திரக் கடை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வரங்கில், ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு வீடு திரும்ப வேண்டும்.

நான் கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரியில் நன்னெறிப் பாடம் நடத்துபவன். மேலாண்மை, பொருளாதாரம், நிதி ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்கள் கூடுகிற அந்த அரங்குக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பை ஏற்படுத்தியவர் எங்கள் கல்லூரியின் மேலாண்மை விரிவுரையாளர் புனிதா.

புதன்கிழமை மதியம் அவர் என் அறைக்கு வந்து நின்றார்.

"சார், வெள்ளிக்கிழமை ஃப்ரீயா?"

"சொல்லுங்கம்மா."

"என் பேப்பர பிரசன்ட் பண்றேன். டிஸ்கஸன்ட்டா வர்றதா இருந்தவருக்கு டெங்கி வந்து படுத்துட்டாரு. டிஸ்கஸன்ட் இல்லன்னா என் பேப்பரையே தூக்கிருவாங்க. எல்லாரையும் கேட்டுட்டேன் சார். யாருக்கும் நேரம் இல்ல."

எல்லாரையும் கேட்ட பிறகே என்னிடம் வந்திருக்கிறார் என்பதை நான் பெரிதுபடுத்தவில்லை.

"அந்த டிஸ்கஸன்ட் என்ன செய்யணும்?"

"பேப்பர படிச்சிட்டு நல்லது கெட்டது சொல்லணும். அவ்வளவுதான் லா." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வெளிநாட்டுலேந்து ஒரு பேராசிரியர் வர்றாங்க. அவங்க குடுக்கிற ரிப்போர்ட்ட வெச்சுத்தான் என்னை நிரந்தரம் ஆக்குறதா, கான்ட்ராக்ட்டோட அனுப்புறதான்னு காலேஜ் முடிவு பண்ணும். கொஞ்சம் பார்த்துப் பேசுங்க சார்."

பார்த்துப் பேசுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் மண்டபங்களில் நூல் வெளியீடு என்றால் ஆய்வுரைக்கு என்னைத்தான் அழைப்பார்கள். அங்கே ஆய்வுரை என்பது நல்லதைச் சொல்வது. கெட்டதை நூலாசிரியரே விற்காத பிரதிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

அன்றிரவே கட்டுரையைப் படித்தேன். குடும்பக் கடைகளில் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்த பிறகும் தந்தை கடைக்கு வந்துகொண்டிருந்தால் வியாபாரம் என்ன ஆகிறது என்பதுதான் பொருள். மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று பல கடைகளில் தகவல் திரட்டியிருந்தார். கடைகளுக்குப் பெயர் இல்லை. ஏ, பி, சி என்ற எழுத்துகள்தாம்.

முன்னுரையை இருமுறை படித்தேன். நன்றியுரையை மூன்று முறை. நடுவில் இருந்த எண் அட்டவணைகளை மரியாதையோடு கடந்து சென்றேன்.

ஓர் அடிக்குறிப்பு மட்டும் என்னைப் பிடித்து நிறுத்தியது. 'கடை எஃப்: கிள்ளானில் உள்ள பாத்திரக் கடை. ஓய்வு பெற்ற தந்தைக்குக் கல்லாவின் அருகே ஒரு நாற்காலியும் ஒரு மேசை விசிறியும் உண்டு. அந்த விசிறியை வேறு எவரும் போடக் கூடாது.'

அந்த விசிறியின் முன் வியர்த்துக்கொண்டு நான் இட்லிப் பானை வாங்கியிருக்கிறேன். அது புனிதாவின் அப்பா மாரிமுத்துவின் கடை.

பெற்ற தந்தையையே ஆய்வில் அமர வைத்த மகள். என் மனம் நெகிழ்ந்தது. கடந்துபோன அட்டவணைக்குத் திரும்பி வந்து எஃப் என்ற வரிசையைத் தேடினேன். அங்கே ஓர் எண், அதன் தோளில் மூன்று நட்சத்திரங்கள். மற்றக் கடைகளுக்கு ஒன்றோ இரண்டோதான். சிலவற்றுக்கு அதுவும் இல்லை. எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருந்தது. தட்டச்சு அலங்காரம் என்று விட்டுவிட்டேன்.

அன்பர்களே, பிள்ளையின் சிறப்பைப் பெற்றவர்கள் வாழும்போதே முன் வரிசையில் அமர்ந்து காண வேண்டும். பிற்பாடு படத்துக்கு மாலை போட்டு என்ன பயன்? இந்த எண்ணம் எழுந்ததும் தொலைபேசியை எடுத்துவிட்டேன்.

"ஐயா, வெள்ளிக்கிழமை உங்க மகள் ஆய்வரங்குல பேசுறாங்க. நீங்க அவசியம் வரணும்."

"எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும் வாத்தியாரே."

"மீதிக்கு நான் இருக்கேன். உங்க கடையப் பத்தியும் எழுதியிருக்காங்க. மூணு ஸ்டார்."

"கடையப் பத்தியா? புனிதா மாசா மாசம் கணக்க மட்டும் வாங்கிட்டுப் போகும். இதப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"அடக்கம்" என்றேன். "நீங்களும் சொல்லாதீங்க. வந்து நின்னா சந்தோசப்படுவாங்க."

வெள்ளிக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் இறங்கி ஒரு ரோஜா மாலை வாங்கினேன். பையில் ஒரு பொன்னாடையும் இருந்தது. பல்கலைக்கழக வாசலில் மாரிமுத்து ஏற்கனவே நின்றிருந்தார். பட்டுச் சட்டை, வேட்டி, கையில் பரிசுத் தாள் சுற்றிய எவர்சில்வர் அடுக்கு.

காவலாளி எங்கள் இருவரையும் மாலையையும் பார்த்தார்.

"கல்யாணமா பாஸ்? டேவான் மண்டபம் பின்பக்கம்."

"ஆய்வரங்கு" என்றேன்.

அவர் மாலையை மறுபடி பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

நான் எதிர்பார்த்த மேடை அங்கே இல்லை. குத்துவிளக்கு இல்லை. ஒரு நீள மேசை, கடும் குளிர், ஆளுக்கொரு மடிக்கணினி. அவ்வளவுதான்.

புனிதா தந்தையைக் கண்டார்.

"அப்பா? நீங்க எங்க இங்க?"

"வாத்தியார் கூப்பிட்டாரு."

புனிதா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் பேசத் தொடங்கி, திரையில் இரண்டாவது படத்துக்கு வருவதற்குள் ஒருவர் குறுக்கே கேள்வி கேட்டார். அதற்குப் பதில் முடிவதற்குள் இன்னொருவர். மூன்றாமவர் கையைக்கூட உயர்த்தவில்லை. பெண்பிள்ளை ஒருத்தி நின்று பேசும்போது இப்படியா? எனக்கு அருகில் அமர்ந்து கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த நிதித்துறை டாக்டர் பிரகாஷிடம் சொல்லிவிட்டேன்.

"பேசி முடிக்கட்டுமே ஐயா. அவையடக்கம் வேணாமா?"

"இங்க இப்படித்தான் சார். கேள்வி வரலன்னாதான் பயப்படணும்."

புனிதா பயப்படவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பேராசிரியர் அம்மையார் தலையசைத்துக் குறிப்பெடுத்தார். அட்டவணைகள் வந்தபோது மட்டும் புனிதா சற்று வேகமாகக் கடந்தார். கடைசிப் படத்தில் பரிந்துரை இருந்தது: பொறுப்பை ஒப்படைத்த தந்தையருக்குக் கடைக்கு வெளியே மனம் ஒன்றிச் செய்ய ஒரு வேலை வேண்டும்.

நல்ல பரிந்துரை என்று மனத்துக்குள் பாராட்டினேன். பிறகு டிஸ்கஸன்ட் அழைக்கப்பட்டார்.

முதலில் பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினேன். அவர் குளிருக்காகத் தருகிறேன் என்று நினைத்து இறுக்கமாகச் சுற்றிக்கொண்டார். மாரிமுத்து எழுந்து போய் எவர்சில்வர் அடுக்கை அவர் முன் வைத்தார். பரிசு வாங்கக் கூடாது என்று அவர் ஆங்கிலத்தில் மென்மையாகச் சொன்னார். "பரவால்ல மேடம், நம்ம கடைதான்" என்று இவர் தமிழில் சொல்லிவிட்டு வந்து அமர்ந்தார்.

நான் ஆங்கிலத்தில் ஒரு கதையோடு தொடங்கினேன். ஓர் ஊரில் ஒரு படகோட்டி. முதுமையில் துடுப்பை மகனிடம் கொடுத்தான். ஆனால் படகில் தானும் ஏறி அமர்ந்துகொண்டான். மகன் இடப்பக்கம் போட்டால் வலம் என்பான், வலப்பக்கம் போட்டால் இடம் என்பான். மகன் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

"படகு கரை சேர்ந்ததா?" என்று பேராசிரியர் கேட்டார்.

நான் அதுவரை யோசித்திருக்கவில்லை. கதையில் வருகிறவர்களை நடுவழியில் விடலாகாது என்பதால், சேர்ந்தது என்றேன்.

"அப்படியானால் உங்கள் கதை இந்தக் கட்டுரைக்கு எதிரானது" என்று எழுதிக்கொண்டார்.

பிரகாஷ் கடிகாரத்தைப் பார்த்தார். நான் உச்சத்துக்கு வந்தேன். மாரிமுத்துவுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் சொன்னேன். "இந்த ஆய்வில் மூன்று நட்சத்திரம் பெற்ற ஒரே கடை, கடை எஃப். அதை உருவாக்கியவர், நம் ஆய்வாளரின் தந்தை, திரு. மாரிமுத்து அவர்கள் இதோ நம்மிடையே அமர்ந்திருக்கிறார்."

மாலையைப் போட்டேன். மாரிமுத்து எழுந்து நின்று நான்கு பக்கமும் கும்பிட்டார். கைதட்டியது நான் மட்டும்தான்.

பேராசிரியர் பேனாவை நிறுத்தினார். "ஆய்வாளரின் தந்தையா?"

புனிதா கண்களை மூடிக்கொண்டார்.

பிரகாஷ் என் பக்கம் சாய்ந்தார். "சார், அது ஹோட்டலுக்குக் குடுக்கிற ஸ்டார் இல்ல."

"பின்னே?"

"கணக்கு எவ்வளவு உறுதின்னு காட்டுறது. மூணு ஸ்டார்னா சந்தேகமே இல்லன்னு அர்த்தம்."

"எதுல சந்தேகம் இல்ல?"

"முன்னால ஒரு சின்னக் கோடு இருக்கு பாருங்க, அதுல. அது மைனஸ்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஒலிவாங்கி என் கையில் இருந்தது.

மாலையோடு நின்றிருந்த மாரிமுத்து கேட்டார். "மைனஸ்னா என்னா?"

பிரகாஷ் என்னைப் பார்த்தார். நான் புனிதாவைப் பார்த்தேன். புனிதாவுக்குப் பார்க்க ஆள் இல்லை.

"நீங்க கடைக்கு வர்ற மாசத்துல எல்லாம் வியாபாரம் குறையுதுப்பா."

மாரிமுத்து பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஐ ரிட்டையர். கடை எல்லாம் மகன்கிட்ட குடுத்தாச்சு. சும்மா போய் உக்காருவேன். வாயே தொறக்கறது இல்ல."

அப்போது அவருடைய கைப்பேசி ஒலித்தது. அவருக்குக் காது சற்று மந்தம். எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார்.

"அப்பா, குமார் பேசுறேன். கோயில் கமிட்டிலேந்து வந்திருக்காங்க. அன்னதானத்துக்குப் பெரிய அண்டா எடுக்குறாங்க. கொஞ்சம் கொறைச்சுக் குடுத்துரவா?"

"நான் வர்ற வரைக்கும் உக்கார வை. டீ வாங்கிக் குடு."

"டீ குடிச்சாச்சுப்பா. நேரமாச்சுன்னு கெளம்புறாங்க."

"அவசரப்படாத. அண்டாவப் பத்தி உனக்கு என்னா தெரியும்?"

"கெளம்பிட்டாங்கப்பா."

"போகட்டும். வருவாங்க."

அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்தார். அது என்ன பேச்சு என்று பேராசிரியர் புனிதாவிடம் கேட்டார்.

அந்த நொடியில் புனிதா எதையாவது மழுப்பியிருக்கலாம். வீட்டு விஷயம் என்று சொல்லியிருந்தால் யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் அவர் டீ முதல் அண்டா வரை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். அறத்தை ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்துகிறவன் நான். அது நடப்பதை அன்றுதான் அருகில் இருந்து பார்த்தேன். அதற்கு நான் காரணமாக இருந்த விதத்தைத்தான் வகுப்பில் எடுத்துச் சொல்ல முடியாது.

"இப்படி அடிக்கடி நடக்குமா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"அது அட்டவணையில் இருக்கிறது" என்றார் புனிதா.

பேராசிரியர் தம் முடிவைச் சொன்னார். சொந்தத் தந்தையின் கடை என்பதைக் கட்டுரை முதலிலேயே அறிவித்திருக்க வேண்டும். கடை எஃப்பை ஆய்விலிருந்து நீக்க வேண்டும். அது இல்லாமலும் முடிவு நிற்கிறதா என்று கேட்டார். புனிதா கணினியில் கணக்கைத் திரும்ப ஓட்டிக் காட்டினார். நின்றது. பேராசிரியர் நிறைவாகத் தலையசைத்தார். பிறகு பொன்னாடையை மடித்து என்னிடம் திருப்பித் தந்து, இப்படி ஒரு விமர்சன உரையைத் தம் பணிக்காலத்தில் கேட்டதில்லை என்றார். நான் நன்றி சொன்னேன்.

திரும்பும்போது மாரிமுத்துவின் வேனில் மூவரும் வந்தோம். வேன் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியது.

"மூணு ஸ்டாருதானே?" என்றார் மாரிமுத்து.

"மூணுதான்ப்பா."

"மத்தவனுக்கெல்லாம்?"

"ஒண்ணு, ரெண்டு."

அவர் வேனின் வேகத்தைக் குறைத்தார். "அப்புறம் எதுக்கு நம்ம கடைய எடுக்கச் சொல்றாங்க? மைனஸோ பிளஸோ, இருந்துட்டுப் போகட்டுமே. அந்த லிஸ்ட்டுல ஒரு துணிக்கடைக்காரன் இருக்கான், நான் இருக்கக் கூடாதா?"

"நீங்க என் அப்பா. அதான்."

"அது ஒரு குத்தமா?"

நான் பின்னிருக்கையிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"சார், நீங்க போதும்" என்றார் புனிதா.

பேராசிரியரின் அறிக்கை நல்லபடியாக வந்தது. புனிதாவின் பணி நிரந்தரமானது. எனக்கு அவர் கல்லூரிக் கெந்தினில் தேநீர் வாங்கிக் கொடுத்தார். இனி எந்த ஆய்வரங்குக்கும் என்னை யாரும் அழைக்காதபடி பார்த்துக்கொள்வதாகவும் வாக்களித்தார்.

மாரிமுத்துதான் ஓயவில்லை. தம் கடையை ஆய்வில் மறுபடி சேர்க்கக் கோரி, தினமும் காலையில் கல்லூரிக்கு வந்துவிடுகிறார். துறைத்தலைவரைப் பார்க்கிறார், பதிவாளரைப் பார்க்கிறார், யாரும் இல்லையென்றால் என்னைப் பார்க்கிறார். மாலை வரை அவருக்கு வேறு நினைப்பே இல்லை. குமார் அந்தக் கோயில்காரர்களைத் திரும்ப அழைத்து, அண்டாவோடு கரண்டியும் தட்டும் சேர்த்து விற்றுவிட்டதாகக் கேள்வி.

ஆய்வின் பரிந்துரை இதுவரை ஒரே ஒரு கடையில் நிறைவேறியிருக்கிறது; அந்தக் கடை ஆய்வில் இல்லை.