கம்ப்யூட்டருக்குப் பிடித்த பேய்

19.4.2007. இன்று ஒரு தவறு. கம்ப்யூட்டரில் du என்ற கட்டளை தட்ட வேண்டிய இடத்தில் df தட்டிவிட்டு, சாரிடம் வீணாக வாதாடினேன். டிஸ்க்கு எவ்வளவு நிறைந்தது என்று df சொல்லும். எது நிறைத்தது என்று du சொல்லும்.

நாட்குறிப்பில் இப்படி எழுதிய பூமயிலுக்குப் பகலில் மிளகாய்க் காட்டில் வேலை, மாலையில் நயினார்கோவிலில் கம்ப்யூட்டர் வகுப்பு. மறுநாள் வெள்ளிக்கிழமை போனால், வகுப்பு வாசலில் தேர்க்கூட்டம்!

கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்திருந்தது. 'இடமில்லை' என்று அதுவே திரையில் சொன்னது. ஆள் புகுந்தால்தானே இடமில்லாமல் போகும்? இந்தத் தர்க்கத்தில் பரமக்குடிவரை எவரும் குறை காணவில்லை. பாடம் நடத்தும் நாகநாதன் சாரே எலுமிச்சம்பழத்தோடு நின்றார்.

வெள்ளிதோறும் பேயோட்ட உக்கிரபாண்டிக் கோடாங்கி வருவார். கதவைச் சாத்திக்கொண்டு உடுக்கடிப்பார். திறந்தால் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும். பிள்ளைகள் செய்து வைத்த வேலை சில காணாமல் போயிருக்கும். பேய் பலி எடுத்துக்கொண்டதாம். சேவல் மட்டும் கோடாங்கி வீட்டுக்கு. என்ன படிப்பாளிப் பேய்!

இம்முறை பூமயிலின் தேர்வு வேலை உள்ளே இருந்தது. நாளை ஒப்படைக்காவிட்டால் சான்றிதழ் இல்லை.

"ஏலே, தள்ளுங்கடா! பேய் மூச்சு விடுது" என்றார் கோடாங்கி.

"அது ஃபேன் சத்தம் சாமி" என்றாள் பூமயில்.

"ஏத்தா, நாலு எழுத்துப் படிச்சுட்டா பேய்க்கே பேரு வைப்பியோ?"

"பேரு வைக்கல சாமி. எங்கன உக்காந்திருக்குன்னு பாத்துக்கிறேன்."

கூட்டத்தை விலக்கிக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். தப்பாகத் தட்டினால் ஊரே சிரிக்கும். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். df: முழுக்க நிறைந்திருக்கிறது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்து du. பிள்ளைகளின் வேலையெல்லாம் சேர்ந்து ஒரு பிடி. 'பூசை' என்ற ஃபோல்டர் மட்டும் முக்கால் டிஸ்க்கு!

"பேய் இங்கனதான் இருக்கு. அழிச்சிரவா சாமி?"

கோடாங்கியின் உடுக்கு கீழே விழுந்தது.

"அழிச்சிராத ஆத்தா! அம்புட்டும் என் பூசை வீடியோ! சிடி போட்டு விக்கணும்!"

"அப்ப வாராவாரம் ஏத்துனது நீருதானா?" என்றாள் வகுப்புத் தோழி முத்தழகு. "இடம் பத்தலன்னா எங்க வேலைய அழிச்சீரு. பேயை வளர்த்துட்டு, ஓட்டுறதுக்குச் சேவலும் வாங்குனீராக்கும்!"

நாகநாதன் சார் எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் ஒளித்தார். பூமயில் ஃபோல்டரை அழித்தாள். பேய் போனது, உடுக்கு இல்லை, சேவல் இல்லை, விசை தட்டிய சத்தம் மட்டும். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஊர், கோடாங்கியை ஒருமுறையாவது திருப்பிப் பார்க்கக் கூடாதா?

20.4.2007. நாளை: தேர்வு வேலையை இரண்டு பிரதி எடுத்து, பத்து மணிக்கு முன் ஒப்படைக்க வேண்டும்.