மூணு பெல்லும் ரயில் பார்க்கும் திட்டமும்

கோலார் தங்கவயலில் ரயிலில் தொங்கத் தெரியாதவன் கிடையாது. ஆனால் ரயிலைச் சும்மா பார்த்துவிட்டு வரத் திட்டம் போட்ட ஒரே பிரகிருதி எங்கள் மூணு பெல்தான்.

சுரங்கம் ஓடிய நாளில், ஆட்களைப் பாதாளத்துக்கு இறக்கி ஏற்றும் கேஜ் கூண்டின் வாசலில் நின்று பெல் அடித்தவர். ஆள் ஏறியாச்சு என்றால் மூன்று பெல். சுரங்கத்தை மூடினார்கள், அவர் கையை யாரும் மூடவில்லை. கதவைத் தட்டினாலும் மூன்று, டீ கேட்டு டம்ளரைத் தட்டினாலும் மூன்று. ஒரு கல்யாணத்தில் பந்தி நிறைந்ததும் மேஜையை மூன்று தட்டு தட்ட, சமையல்காரர் சாம்பார் வாளியோடு சண்டைக்கு வந்துவிட்டார்.

பங்காருப்பேட்டையிலிருந்து கோலார் பக்கம் போகும் ஒற்றைத் தண்டவாளத்து ஓரமாக, வயல் நடுவே உட்கார்ந்து ரயில் பார்க்க வேண்டும். அதுதான் அவர் திட்டம். நானோ விடிந்தும் விடியாமலும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் மாரடித்துவிட்டு, இருட்டியபின் இறங்குகிறவன்.

"ஞாயித்துக்கெழமையுமா ரயிலு? இன்னாண்ணா நியாயம் இது?"

"நீ போறது ரயிலா தம்பி? ஆட்டு மந்தை. தெனம் ரயில்வே கேட்டாண்ட நின்னு கைய ஆட்டறேன். ஒருத்தனாவது திருப்பி ஆட்டறானா?"

"கைய எடுத்தா திரும்ப வைக்க எடம் இருக்காதுண்ணா."

"அதான் சொல்றேன். கோலாரு போறது காலி ரயிலு. உள்ள குந்தினு இருக்கறவனுக்கு வேற இன்னா வேல? ஆட்டித்தான் ஆவணும்."

அவருடைய பழைய ஷிப்ட் கூட்டாளிகளும் நானும் சேர்ந்தோம். ஞாயிறு காலை ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் கூடுவோம். ஒருவருக்கு முட்டிவலி, இன்னொருவர் வீட்டில் மட்டன், யாராவது வராமல் போவார். மூணு பெல் தலையை எண்ணிவிட்டு, "ஆள் கொறையுது. கேஜ் ஏறாது" என்பார். அங்கேயே அவர் கட்டிவந்த எலுமிச்சை சாதத்தைத் தின்றுவிட்டுக் கலைவோம். கண்டக்டர்களே, "இன்னா, இன்னிக்கும் ஏறலையா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு கூட்டாளிகள் ஒவ்வொருவராக மகன் வீடு, மகள் வீடு என்று பெங்களூருக்குப் போனார்கள். இரண்டு பேர் ஒரேயடியாகப் போனார்கள். அவர் மனைவியும் போய்விட்டார். மைசூர் மைன்ஸ் குவார்ட்டர்ஸில் அவர் மட்டும்.

ஒரு ஞாயிறு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், நானும் அவரும்தான். சாதத் தூக்குவாளியைத் திறப்பார் என்று பார்த்தேன். பஸ்ஸில் ஏறினார்.

"ஆள் கொறஞ்சா கேஜ் ஏறாதுன்னு சொல்வீங்களே?"

"அடிபட்டவன் இருந்தா, ஒருத்தனுக்காவும் ஏறும் தம்பி."

நானும் அவர் பின்னால் ஏறினேன்.

ஆடு மேயும் ஒரு குட்டி ஸ்டேஷனில் உட்கார்ந்தோம். ரயில் வந்தது. இவர் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். நின்ற ரயிலிலிருந்து கார்டு எட்டிப் பார்த்து, ஏறவில்லையா என்று கன்னடத்தில் கேட்டார்.

"சும்னே நோடக் பந்த்வி சார்" என்றார் இவர். சும்மா பார்க்க வந்தோமாம்.

கார்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மூணு பெல் தூக்குவாளி மூடியை மூன்று முறை தட்டி, போகலாம் என்று உத்தரவு கொடுத்தார். கார்டு சிரித்துவிட்டுப் பச்சைக் கொடியை எங்களுக்கும் சேர்த்து ஆட்டினார். ஜன்னலோரம் ஒரு அம்மாள் கையாட்டினாள். அவளைப் பார்த்து அந்தப் பெட்டியே ஆட்டியது. ரயில் மறைந்த பிறகும் இவர் கையை இறக்கவில்லை. திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல நெரிசல். கேட் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். யாருடைய அக்குளுக்கடியிலோ நுழைத்து, ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினேன்.

"யாருப்பா அது, சொந்தமா?" என்றார் என்னிடம் மிதிபட்ட ஆள்.

"ஆமாங்க" என்றேன்.