பெரிய ஏலக்காயின் வாய்மொழித் தேர்வு

போடிநாயக்கனூரில் சாமியைத் திட்டலாம், ஆளுங்கட்சியைத் திட்டலாம், சொந்தச் சம்பந்தியைக்கூடத் திட்டலாம். கூட நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். ஏலக்காயை மட்டும் குறை சொல்லிவிட்டு ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. அப்படியிருக்க, கமிஷன் கடைக்குள்ளேயே நின்று, முதலாளி தன் கையால் கொடுத்த காயை மென்று பார்த்து, "இதெல்லாம் ஒரு ஏலக்காயா" என்ற பொருள்படக் கேட்டுவிட்டு, அதே கடையில் டீயும் குடித்துவிட்டு வந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எத்தியோப்பியாவிலிருந்து எங்களிடம் இங்கிலீஷ் படிக்க வந்தவர். வருகைப் பதிவேட்டில் அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. ஊர் அதைக் கண்டுகொள்ளவில்லை. பஜாரில் அவர் பெயர் பெரிய ஏலக்காய்.

எத்தியோப்பியாக்காரர் இங்கிலீஷ் படிக்கப் போடிக்கு எதற்கு வந்தார் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அதைத்தான் கேட்டேன், அங்கேயே சம்பளம் வாங்கிக்கொண்டு. தேவாரம் போகிற ரோட்டில், மலையடிவாரத்தில், ஒரு தனியார் பல்கலைக்கழகம் கிளை திறந்து, வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆங்கில மொழித் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தது. ஒரு பருவம் இங்கே படித்துத் தேறினால், சென்னைப் பக்கம் இருக்கிற தலைமை வளாகத்தில் எம்.எஸ்ஸி. சேரலாம். விளம்பரத்தில் பனி மூடிய மலையும், "இயற்கையான ஆங்கிலச் சூழல்" என்ற வாசகமும் இருந்தன. பனிப் படம் போடிமெட்டில் எடுத்தது. ஆங்கிலச் சூழலை எங்கே எடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. வியட்நாம், ஏமன், எத்தியோப்பியா என்று ஒரு வகுப்பு நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். உள்ளூர்க்காரனான நான் அவர்களுக்கு வாத்தியார்.

வளாகத்துக்குள் இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டும் என்று சட்டம் வேறு. அதை விசுவாசமாகக் கடைப்பிடித்தவர் மெஸ் மாஸ்டர் ஒருவர்தான். "சட்னி ஃபினிஷ். சாம்பார் கம்மிங். யூ சிட்." இதைவிடத் தெளிவான இங்கிலீஷை என் இருபது வருஷ சர்வீஸில் நான் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

பாடத்திட்டத்தில் 'உள்ளூர் மக்களுடன் ஆங்கில உரையாடல்' என்று ஒரு பயிற்சி இருந்தது. எழுதிய புண்ணியவான் போடியைப் பார்த்திருக்க மாட்டார். வேறு வழியில்லாமல் எல்லோரையும் பஜாருக்குக் கூட்டிக்கொண்டு போய், எனக்குத் தெரிந்த ஏலக்காய்க் கமிஷன் கடையில் நிறுத்தினேன். அந்த வாரப் பாடம், மாற்றுக் கருத்தைப் பணிவாகச் சொல்வது எப்படி என்பது. விதி என்பது இதுதான் போலிருக்கிறது.

கடைக்கார அண்ணன் முதல் தரம் என்று ஒதுக்கி வைத்திருந்த பச்சைக் காயில் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். வியட்நாம் பெண்கள் முகர்ந்து பார்த்து, "வெரி நைஸ்" என்றார்கள். நம் ஆள் ஒரு காயை நகத்தால் உடைத்தார். முகர்ந்தார். உள்ளே இருந்த விதையை மென்றுகொண்டே கண்ணை மூடி யோசித்தார். பிறகு, நான் சொல்லிக்கொடுத்த அதே பணிவோடு, மன்னிக்க வேண்டும், என்னால் உடன்பட முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். "டூ ஸ்மால். மை கண்ட்ரி, பிக்" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"என்ன சொல்றாக வாத்தியாரே?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

"வாசம் பிரமாதமா இருக்காம்ணே."

"வாசத்துக்கு எதுக்குக் கட்டவெரலக் காட்டுறாக?"

நான் பதில் யோசிப்பதற்குள் அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு காயை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார். காய்ந்த அத்திப்பழம் போல, பழுப்பாக, சுருக்கம் விழுந்து, உண்மையிலேயே கட்டைவிரல் தண்டி இருந்தது. அவர் ஊர் ஏலக்காய். கடையில் வேலை பார்த்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் அதை உடைத்து, மூக்கருகே கொண்டுபோய், நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார்.

"பிரியாணில ஒண்ணு கெடக்கும்ல, எடுத்து எலை ஓரமா வைப்பமே, அந்த வகையறா."

மொழிபெயர்த்தேன். "ஐ டிஸக்ரீ" என்றார் அவர்.

"ஒத்துக்கிற மாட்டேங்கிறாருண்ணே."

"ஒத்துக்கிறாட்டிப் போறாரு. டீ சாப்பிடுவாரான்னு கேளுங்க."

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. வாராவாரம் சனிக்கிழமை கடைக்குப் போவார். இவருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு மணி நேரம் ஏலக்காயைப் பற்றித் தர்க்கம் செய்துவிட்டு, இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு பிரிவார்கள். மொழிபெயர்க்கப் போன என்னை, இரண்டாவது வாரத்திலேயே "நீங்க உங்க சோலியப் பாருங்க வாத்தியாரே" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் ஹாஸ்டல் வார்டன் எனக்குப் போன் செய்தார். "சார், வெரசா வாங்க. உங்க எத்தியோப்பியா, ரூமு பூரா புல்லப் பரப்பி, சாம்பிராணி போட்டு உக்காந்திருக்காரு. யாருக்குத் திதி குடுக்குறாருன்னு தெரியல. ஊர்ல ஏதும் கெட்ட சேதியா?"

நான் துக்க முகத்தைத் தயார் செய்துகொண்டு ஓடினேன். உள்ளே மனிதர் மின்சார அடுப்பில் வாணலியை வைத்துக் குரங்கணி மலைக் காப்பிக்கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஊர் முறை அதுதானாம். விருந்தாளி வந்தால் தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, புகை போட்டு, அவர் கண் எதிரிலேயே கொட்டையை வறுத்து இடித்துக் காப்பி போட வேண்டும். அதே தூளில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி மூன்று சுற்று கொடுக்க வேண்டும். முதல் சுற்று குடித்தவர் மூன்றையும் குடித்துத்தான் எழுந்திருக்க வேண்டும். நடுவில் எழுந்தால் வீட்டை அவமதித்ததாகிவிடும். கூடக் கொறிக்கச் சோளப்பொரி. இவ்வளவு மரியாதையும் தெரிந்த மனிதர் புல்லை மட்டும் எங்கள் வளாக இயக்குநர் வீட்டுப் புல்தரையிலிருந்து பிடுங்கியிருந்தார்.

"எங்கள் வீட்டில் இதை என் மனைவிதான் செய்வாள். நான் செய்வதைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்" என்றார் என்னிடம், தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில்.

எங்கள் ஊரில் டீ, காப்பி என்பதெல்லாம் நின்றுகொண்டே இரண்டு மடக்கில் முடிக்கிற காரியம். அந்த ஊரில் இவர் ஆட்களை உட்கார வைத்தார். கண்டிக்கப் போன வார்டன் மூன்று சுற்றும் குடித்து, மருமகனோடு தனக்கு இருந்த மனத்தாங்கல் முழுவதையும் சொல்லிவிட்டு வந்தார். வார்டனுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. எந்த மொழியில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. காப்பிக்கொட்டை கொண்டுவந்த ஜீப்பு டிரைவர், பையைக் கொடுத்துவிட்டு ஓடலாம் என்று வந்தவர், முதல் டம்ளரை வாங்கிவிட்டார். வெளியே ஜீப்பில் இருந்த ஜனம் ஹாரனை அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் அவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்த வேலை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவர் கிளம்பி வந்த பிறகு ஊரில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. போனில் பார்த்ததோடு சரி. பருவக் கடைசியில் வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் உதவித்தொகைக்காரர்கள் விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் கொடுப்பார்கள். தேறாவிட்டால் இன்னொரு பருவம் இங்கேயே இருந்து மறுபடியும் படிக்க வேண்டும். "அதற்குள் அவள் நடந்துவிடுவாள், டீச்சர்" என்றார் என்னிடம்.

தேர்வில் பத்து நிமிஷம் மாணவர் பேச வேண்டும். இங்கேதான் வந்தது வம்பு. ஏலக்காய் விஷயத்தில் சிங்கம் போலப் பேசுகிற மனிதர், தன்னைப் பற்றிப் பேசு என்றால் வாயைத் திறக்க மாட்டார். மாதிரித் தேர்வில், உன் குடும்பத்தைப் பற்றி இரண்டு நிமிஷம் சொல் என்றேன்.

"முதலில் நீங்கள் சொல்லுங்கள், டீச்சர். உங்கள் அம்மா நலமா?" என்றார்.

அதை அவர் கேட்ட விதம் அப்படி. நான் என் அம்மாவின் முழங்கால் வலியில் ஆரம்பித்து, மதுரை டாக்டர், எண்ணெய், பிரண்டை வரை போய்விட்டேன். மணி அடித்தது. அவருக்கு மதிப்பெண் பூஜ்யம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கத்தினேன். அவர் அமைதியாக, "எங்கள் வீட்டில் விருந்தாளிதான் பேசுவார். நான் காப்பி ஊற்றுவேன்" என்றார்.

"இது உங்க வீடு இல்லய்யா, பரீட்சை ஹாலு" என்று தமிழிலேயே கத்தினேன். இங்கிலீஷ் சட்டம் அன்றோடு போயிற்று.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். தன்னைப் பற்றித்தானே பேச மாட்டார், காப்பியைப் பற்றிப் பேசட்டும். முதலில் இது, அடுத்து இது, அதன் பிறகு இது, இறுதியாக இது என்று பத்து நிமிஷத்துக்கு எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். அடுப்பும் புல்லும் சகிதமாகச் செய்து காட்ட இயக்குநரிடம் அனுமதி வாங்கினேன், புல் எந்தப் புல் என்று சொல்லாமல். அவர் காப்பியில் தட்டிப்போடுகிற பெரிய ஏலக்காய் மட்டும் தீர்ந்து போயிருந்தது. விஷயம் எப்படியோ பஜாருக்குப் போய், கமிஷன் கடை அண்ணன் தேர்வுக்கு முதல் நாள் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"இருக்கதுலயே பெருசு பொறுக்கிக் கொண்டாந்திருக்கேன். இதப் போடச் சொல்லுங்க வாத்தியாரே. பிள்ளயப் பாக்கப் போக வேணாமா மனுசன்?"

நம் ஆள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "ஸ்மால்" என்றார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். "பட் ஓகே. எமர்ஜென்சி" என்று பையில் போட்டுக்கொண்டார்.

தேர்வு நடத்தியவர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஒரு கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியை. தமிழ் பேசுகிற அம்மாதான். அவர் கையில் பாஸானவர்களைவிட அழுதவர்கள் அதிகம் என்று பேச்சு. போடிமெட்டு வளைவுகளில் இறங்கி வந்ததில் முகம் வெளிறிப்போய், அதனால் இன்னும் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். போனில் பத்து நிமிஷத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனபின், பெரிய ஏலக்காய் ஒரு கட்டுப் புல்லோடு உள்ளே வந்தார்.

"என்ன இது?"

"புல், மேடம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். புல்லைப் பரப்பி, சாம்பிராணி போட்டு, அடுப்பைச் சூடேற்றி, மனிதர் எழுதிக் கொடுத்தபடியே ஆரம்பித்தார். "முதலில், நாம் விருந்தாளியை வரவேற்கிறோம்." சபாஷ் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"மேடம், உடம்புக்கு முடியவில்லையா?"

"ஒன்றுமில்லை. மலைப்பாதை. நீங்கள் பேசுங்கள்."

அவர் பேசவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டார். அந்த அம்மாவின் நாற்காலியைக் காற்று வரும் பக்கமாக நகர்த்திப் போட்டார். உட்கார்ந்து கொட்டையை வறுக்க ஆரம்பித்தார். வறுத்துக்கொண்டே, "வீடு ரொம்ப தூரமா? வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

அந்த அம்மா முதலில் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். பிறகு ஒரு வாக்கியத்தில். முதல் டம்ளர் கைக்கு வந்தபோது பேச்சு கனடாவில் படிக்கிற மகனுக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுகிறானாம். ஐந்து நிமிஷத்தில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறானாம். அலாரம் அடித்தது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அதை அமுக்கிவிட்டுத் தொடர்ந்தார். பத்து நிமிஷம் போயே போய்விட்டது. நான் அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, வாயில் கையை வைத்து, பேசு, பேசு என்று நம் ஆளுக்குச் சைகை காட்டினேன். அவர் பார்த்தார். தலையை ஆட்டினார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்.

இரண்டாம் சுற்றில் கல்லூரி முதல்வர் பேச்சில் அடிபட்டார். மூன்றாம் சுற்றில் காலமான மாமியார். சோளப்பொரி வாசத்துக்கு வெளியே காத்திருந்த ஏமன்காரர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். நான் அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். பாவம், அது இனி நடக்கப் பழகி ஓடவே ஆரம்பித்துவிடும் என்று தோன்றியது.

பேராசிரியை எழுந்தபோது முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இத்தனை வருஷமா எக்ஸாம் எடுக்கறேன், சார். இவ்வளவு நல்லா, சரளமா பேசற ஸ்டூடண்ட்டை நான் பாத்ததே இல்ல. எப்படிச் சொல்லிக்குடுத்தீங்க?"

அன்றைக்கு நம் ஆள் பேசியதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் அந்த அம்மா பரிகாசம் செய்யவில்லை. நிஜமாகவே நம்பினார். உரையாடல் திறனுக்கு முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்தும் போட்டார். "கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் மேடம்" என்றேன்.

டிக்கெட் அந்த வாரமே வந்துவிட்டது. மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட நான், வார்டன், கமிஷன் கடை அண்ணன் மூன்று பேரும் போனோம். வார்டன் குழந்தைக்கு ஒரு பட்டுப்பாவாடை வாங்கியிருந்தார், நாலு வயசுப் பிள்ளைக்கு ஆகிற அளவில். "வளந்துரும்ல" என்றார். அண்ணன் பஸ் கிளம்பும்போது, "இனி சனிக்கெழம நான் யார்ட்டப் பேசறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், நான் என்னவோ செய்துவிட்ட மாதிரி.

விடுமுறை முடிந்து அவர் நேரே சென்னைக்குப் போய்விடுவார். போடிக்கு வர இனி அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. பெற்ற பிள்ளையை முதல் தடவை தூக்கப் போகிற மனிதர். மனசார வாழ்த்தித்தான் கையசைத்தேன், சத்தியமாக. ஆனால், என் மாணவர் ஒருவர் ஃபெயிலாகித் தொலைத்திருக்கக் கூடாதா என்று இத்தனை வருஷத்தில் நான் ஏங்கியது அன்றைக்கு மட்டும்தான்.